புத்தூர்ச் சாலையில் நம் பன்னிரண்டு தூண்கள்

சென்ட்ரலில் காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டிய திருப்பதி ரயில் பதினொரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. ராயபுரத்திலிருந்து நான் மட்டும்தான். வருவதாகச் சொன்ன நான்கு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் கல்யாணம், மற்ற இருவர் போனை எடுக்கவில்லை.

புரட்டாசியில் திருமலைக்கு நடக்கும்போது வழியில் நாம் படுத்தெழும் மண்டபத்தை ஒரு தொல்லியல் துறை அதிகாரி பார்வையிட வருகிறார் என்று நம் நடைக்குழுவின் போன மாத மடலில் எழுதியிருந்தேன். சாலையை அகலப்படுத்த அதை இடிக்கப் போகிறார்கள். பழமையானது என்று அந்த அதிகாரி எழுதிக் கொடுத்தால் சாலை சற்று ஒதுங்கிப் போகும். கட்டியவர்கள் நம் துறைமுகத்துப் படகுக்காரர்கள். நம் பக்கத்திலிருந்து ஓர் ஆளாவது அங்கே நிற்க வேண்டாமா?

ஏகாம்பரகுப்பத்தில் சிக்னலுக்காக ஆறு நிமிடம் நின்றோம். புத்தூரில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவர்களால் பிழைக்கும் ஊர் அது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்தார்.

“கட்டுக் கட்டவா சார்? கையா, காலா?”

“இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. மண்டபத்துக்குப் போகணும்.”

“மெட்ராஸ்காரங்க மண்டபமா! அது எங்கூருதான் சார், ஏறுங்க.”

நகரி சாலையில் ஆறு கிலோமீட்டர். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு இறங்கினார். பெயர் சேகர். வழியெல்லாம் தெலுங்கில் போனும் தமிழில் பேச்சுமாக ஓட்டினார்.

“மேடம்காரு வராங்கன்னு ஊரே சேந்து ராப்பகலா வேல செஞ்சிக்கினு இருந்தோம் சார். போய்ப் பாருங்க, கல்யாண வூடு மாதிரி இருக்கும்.”

அப்படித்தான் இருந்தது. வாசலில் மாவிலை, வாழைமரம். பன்னிரண்டு தூண்களுக்கும் சந்தன நிறத்தில் பளபளவென்று பெயின்ட், அடியில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு தூணிலும் நெஞ்சு உயரத்தில், அதை நட்டுக் கொடுத்த படகுக்காரரின் பெயர் தமிழில் வெட்டியிருக்கும். விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி, விரலால் தடவினால்தான் எழுத்து தெரியும். நான் தடவிப் பார்த்தேன், விரலில் பெயின்ட் ஒட்டியது. முதல் தூண் வழவழப்பாக இருந்தது. பன்னிரண்டாவதும் அப்படியே இருந்தது.

மண்டபத்தின் பின்னறையில் குடியிருந்து, பெருக்கி விளக்கேற்றும் வசந்தம்மா புதுப்புடவையில் வந்தார்.

“எப்டி சார் இருக்குது?”

“எழுத்து எங்கேம்மா?”

“பிசுக்கு ஒரு இஞ்சு ஏறிக் கெடந்துச்சி சார். சோப்புக்குப் போவல, சோடாவுக்குப் போவல. நாந்தான் மிஷின் வெச்சித் தேய்க்கச் சொன்னேன். பெரியவங்க வரசொல்லோ அழுக்காவா காட்டுவாங்க?”

மூலையில் ஒரு சாக்கு நிறையக் கல்தூள் இருந்தது. அதையும் சுத்தமாகக் கூட்டி அள்ளி வாய் கட்டி வைத்திருந்தார்.

பத்து நாற்பதுக்கு ஜீப் வந்தது. அதிகாரி இளம்பெண், சித்தூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். மண்டபத்தை இருமுறை சுற்றினார். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தார். அவர் கையிலும் பெயின்ட் ஒட்டியது.

“இது எப்போ கட்டினது?”

“எங்க தாத்தா சின்னப் புள்ளயா இருக்கசொல்லோவே இருக்குது மேடம்” என்றார் சேகர்.

“சரிங்க, அதுக்கு அடையாளம்?”

நான் தூண்களில் இருந்த பெயர்களைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்றத நம்பறேன் சார். ஆனா கண்ணால பாக்காத எழுத்த நான் எப்டி எழுதறது? இப்ப பாத்தா போன வருசம் கட்டின மாதிரி இருக்குதே.” பிறகு கொஞ்சம் யோசித்து, “பழைய போட்டோ எதுவாவது இருந்தா மாசக் கடைசிக்குள்ள குடுங்க. எழுத்து தெரியணும்” என்றார். வசந்தம்மா கொடுத்த மோரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கண்ணை விட்டு மறைந்ததும் வசந்தம்மா கேட்டார்: “மோர் குடிச்சாங்களே, நல்லாருக்குதுன்னு எழுதுவாங்க இல்ல சார்?”

எழுத மாட்டார் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பெயின்ட் காயாத தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப என் ரூமும் சேந்து போயிடும்.”

“ஆமாம்மா.”

“எழுந்திரு வசந்தக்கா, பொடவயெல்லாம் பெயின்ட் ஒட்டிக்கினு இருக்குது” என்றார் சேகர். வசந்தம்மா எழுந்திருக்கவில்லை.

“அது போவட்டும்டா. இவங்க முப்பாட்டன் பேர என் கையாலயே அழிச்சி வெச்சேனே.”

அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. மந்திரி வருகிறார் என்றால் நம் தெருவில் நடைபாதை விளிம்புக்கு வெள்ளையடித்து, மீன் விற்கிற பெண்களைச் சந்துக்குள் தள்ளிவிட்டுத்தான் நாமும் மாலையோடு நிற்கிறோம். வருகிறவர் நாம் இருக்கிறபடி பார்க்க வந்திருக்கலாம் என்று ஒருநாளும் நமக்குத் தோன்றியதில்லை.

மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. என் போனில் அந்த மண்டபத்தில் எடுத்த படங்கள் இருபத்துமூன்று இருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்களும் உங்கள் போன்களில் தேடிப் பாருங்கள். என்னிடம் இருக்கிற அத்தனை படத்திலும் தூண்களை மறைத்துக்கொண்டு நாம்தான் நிற்கிறோம்.