நெத்திலித் திருடனுக்கு ஒரு தவணை

குற்றமே செய்யாதவர்களும் தூக்கில் தொங்கிவிடுகிறார்கள், அதனால் தூக்குத் தண்டனையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டும் என்று யாரோ பேசியதாகப் பேப்பரில் வந்திருந்தது. ராயபுரம் டீக்கடையில் அதை உரக்கப் படித்த என் ஹார்பர் தோஸ்து, "கரீட்டா சொல்லிக்கிறான்" என்றான்.

நான் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அரை நூல் பிசகையும் கண்ணாலேயே பிடித்துவிடுவேன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

"கண்ணால பாத்த சாட்சி இருந்தா இன்னா யோசன? தொங்கவுடு!" என்று மேசையைத் தட்டினேன். டீ கொட்டியது, என் வேட்டியில்தான்.

"தப்பா தொங்கவுட்டுட்டா? அப்பால இறக்கி மன்னாப்பு கேப்பியா மாமு?"

"கண்ணு பொய் சொல்லாது மாமு."

அந்த வாரமே எங்கள் மொட்டைமாடியில் காயவைத்த நெத்திலி குறையத் தொடங்கியது. ஒரு நாள் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் சிவப்பு வால் ஒன்று ஆடியது. பக்கத்து வீட்டுச் சேவல்! நேரே போய் முறையிட்டேன்.

அந்த வீட்டுக்கார அக்கா அதைக் குஞ்சிலிருந்து கையில் சோறு வைத்து வளர்த்தவர்.

"கண்ணால பாத்தியா நைனா?"

"பாத்தேன்கா. செவப்பு வாலு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "திருட்டுச் சேவல் எனக்கு வாணாம், நீயே அறுத்துக்கோ. ஆனா தவசு காலம் நடந்துகினு கீது. ஈஸ்டர் வரைக்கும் எங்க வூட்ல கத்தி எடுக்க மாட்டோம்."

தவசு தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சேவலைக் காலில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் தொடை சதை பிடிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

இரண்டாவது வாரம், கட்டின கயிறு கட்டினபடியே இருக்க, மறுபடியும் நெத்திலி குறைந்தது. மாடிக்கு ஓடினேன். எங்கள் வீட்டுப் பூனை கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, காக்காய் விரட்ட என் மனைவி குச்சியில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் ஆடியது. அரை நூல் பிசகையும் விடாத கண்!

போய்ச் சொன்னேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "தவசு மட்டும் இல்லாங்காட்டி எஞ் சேவலு இந்நேரம் உன் வவுத்துல இருந்திருக்கும்." கயிற்றை என்னையே அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். சேவல் என் விரலைக் கொத்திவிட்டுப் போயிற்று.

"சரி, பூனைக்கு இன்னா தீர்ப்பு?"

"அது... நம்ம பூனையாச்சேக்கா" என்று நழுவினேன்.

மறுநாள் டீக்கடையில் விரல் கட்டோடு கதையைச் சொன்னேன். "நிறுத்திவெக்கத்தான் மாமு வேணும்" என்றும் சொன்னேன். தோஸ்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சேவலுக்குத் தவசு வந்துச்சு. ஜெயில்ல கீறவனுக்கு இன்னா மாமு வரும்?"

தட்டுவதற்கு ஓங்கிய கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன். அன்று என் டீ முழுசாக எனக்கே கிடைத்தது.