கல்கத்தாப் படத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

ஆம்பூரில் பெரியப்பா வீட்டில் தங்கி நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அங்கே கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது. அதைக் கலர் டிவி ஆக்குவதற்காகப் பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து திரையில் ஒட்டினார். மேலே நீலம், நடுவில் ஒரு மாதிரி சிவப்பு, கீழே பச்சை. அதன் பிறகு எங்கள் வீட்டில் செய்தி வாசித்தவர்களுக்கெல்லாம் நீலத் தலை. பெரியப்பா தோல் பதனிடும் டேனரியில் சாயம் போடும் பிரிவுக்கு மேஸ்திரி. கலர் விஷயத்தில் அவரிடம் யார் வாய் கொடுப்பது?

அம்மாவும் அப்பாவும் நெமிலியில் இருந்தார்கள். அந்த வீட்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் சித்தி. டேனரிக்குப் பதனிடாத பச்சைத் தோல் வாங்கும் வேலையாகக் கல்கத்தா போன சித்தப்பா முதலில் மாதாமாதம் வந்தார், பிறகு பண்டிகைக்கு வந்தார், அந்த வருடம் தீபாவளிக்கும் வரவில்லை. அவர் வருவாரா என்று சித்தி கேட்டால் பெரியவர்கள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

ஞாயிறு மதியம் டிவியில் விருது வாங்கிய வேற்று மொழிப் படம் போடுவார்கள். உண்ட மயக்கத்தில் வீடே படுத்துவிடும். போக்கிடம் இல்லாமல் நான் மட்டும் பார்ப்பேன். அன்று வங்காளப் படம் என்றதும் சித்தி ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். படத்தில் கல்கத்தாத் தெருவில் டிராம் ஓடியபோது இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

ஒருத்தி ஜன்னலோரம் நிற்கிறாள். ஒருவன் வருகிறான், பேசாமல் சாப்பிடுகிறான். அவ்வளவுதான் படம். எங்களுக்கு மொழியும் தெரியாது. ஆனால் நான் கலரை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தேன். நின்றால் முகம் நீலம், அது துக்கம். உட்கார்ந்தால் சிவப்பு, அது ஆசை. படுத்தால் பச்சை, அது நிம்மதி. இதை டீச்சர் தோரணையில் விளக்கினேன். சித்தி சிரிப்பாள் என்று பார்த்தேன், அவள் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

திரையில் அவன் சாப்பிட, அவள் எதிரில் உட்கார்ந்து விசிறினாள்.

“கண்ணு, அவ அவனுக்கு இன்னா வேணும்? சொந்தக்காரியா, பக்கத்து வூடா?” என்றாள் சித்தி.

“பொண்டாட்டி சித்தி. பாரேன், அவகிட்ட வந்தா அவனும் செவப்பாய்ட்றான்.”

“ஊருக்குத் திரும்பிப் போறவன் மாதிரி தெரியுதா?”

“எங்க போவான்? அவன் வூடே அதான்.”

சித்தி எழுந்து உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மிச்சத்தைத் தனியாகப் பார்த்து முடித்தேன்.

மறுநாள் காலையில் சித்தி பெட்டியோடு குடியாத்தத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லாமல் அழுகை அழுகையாக வந்தது. பெரியம்மாவோடு ஏதோ சண்டை, அந்தக் கோபத்தில் என்னையும் மறந்துவிட்டாள் என்று ரொம்ப நாள் சித்தியோடு மனசுக்குள் டூ விட்டிருந்தேன். சித்தப்பா வருவாரா என்று மாதக்கணக்காக அவள் எல்லோரிடமும் கேட்டும் கிடைக்காத பதிலை அந்த வீட்டில் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.