தாராவி வழியாகச் சந்திரனுக்கு

மும்பைக்கு இரண்டு நாள் வருகிறோம், கூட்டம் இல்லாத இடமாகச் சொல்லுங்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம்தான் உண்டு, சந்திரன். நான் போயிருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காக்காரன் போவதற்கு முன்னாலேயே. மாட்டுங்காவிலிருந்து மூன்று மணி நேரம். டாங்கா வாடகையையும் சேர்த்து ஆளுக்கு ஒரு ரூபாய்க்குள் முடிந்தது.

விஷயம் இதுதான். என் அறைத்தோழன் விச்சு பாலக்காட்டுக்காரன், விளம்பரக் கம்பெனியில் குமாஸ்தா, சினிமாப் பைத்தியம். ராக்கெட் உடைந்து சந்திரனில் மாட்டிக்கொண்ட இரண்டு விண்வெளி வீரர்களை வைத்துப் பத்து நிமிஷப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கு உடை தைக்க வசதியில்லை. அதனால் ஒருவன் கதை தொடங்கும்போதே செத்துக் கிடப்பான். வெள்ளிப் பெயின்ட் அடித்த கோணிக்குள் வைக்கோல் திணித்து அவனைத் தயார் செய்தாயிற்று. மிச்சமிருந்தவன் நான். ராக்கெட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எங்கள் அறையிலேயே பனியனோடு நடித்து முடித்திருந்தேன். காற்று தீர்ந்து நான் தவித்துச் சாகும் காட்சி மட்டும் பாக்கி. ஆபீஸ் கேமரா இனி அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும். கையில் இருந்ததும் ஒரே ரீல், மூன்று நிமிஷம்கூட ஓடாது. அது பாழானால் விச்சுவின் படமே இல்லை.

காலை ஆறே காலுக்கு மாட்டுங்காவிலிருந்து நடந்து கிளம்பினோம். தாராவி ஒன்றரை மைல், முப்பத்தைந்து நிமிஷம். அங்கே சுடலைமுத்து அண்ணாச்சியின் தோல் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். தண்ணீர் சுமக்கும் தோல்பைகள் தைப்பதுதான் அவர் தொழில். கழிவுத் தோலை ஒட்டுப்போட்டு, பூட்ஸும் கையுறையும் சேர்ந்தாற்போல ஒரே உருப்படியாக என் உடையைத் தைத்திருந்தார். தலைக்கு அலுமினியக் குண்டான். அதில் முகத்துக்கு நேரே சதுரமாக வெட்டி, கழுவின எக்ஸ்ரே ஃபிலிமை ஒட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், உடை உள்ளே ஈரமாக இருந்தது. தாராவியில் எதுதான் ஈரமாக இல்லை என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்திக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அங்கிருந்து சயான் ஸ்டேஷன் அரை மைல். அண்ணாச்சியும் கூட வந்தார். குண்டானை உடையின் கழுத்தோடு மெழுகு நூலால் தைத்து மூட அவர் வேண்டும். குர்லாவில் இறங்கி, வண்டி மாறி, எட்டு பத்துக்குச் செம்பூர். டிக்கெட் பதினைந்து காசு என்று ஞாபகம், அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டேஷன் வாசலில் டாங்கா பேசினோம். மாஹுல் ரோட்டில் கல்குவாரி வரைக்கும் இரண்டு மைல், ஒன்றேகால் ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு இறங்கி வந்தான். அண்ணாச்சி தோளில் தலையில்லாத உருவமாகத் தொங்கிய உடையையே வெறித்துப் பார்த்து, "இஸ்மே ஆத்மி ஹை க்யா?" என்று கேட்டான். உள்ளே ஆள் இருக்கிறதா என்கிறான். "அபி நஹீ" என்றேன், இன்னும் இல்லை என்று. அதற்குப் பிறகு குதிரையை நன்றாகவே விரட்டினான்.

குவாரி அசல் சந்திரனாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானதால் வெடி இல்லை, ஆள் இல்லை. கணுக்கால் வரை சாம்பல் நிறக் கல்தூள், நாலு பக்கமும் வெட்டி நிறுத்தின பாறை. லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்தால் வானம் கறுப்பாக விழும் என்றான் விச்சு. விச்சு சுமந்துவந்த வைக்கோல் வீரனைக் குப்புறப் போட்டோம். வெயில் ஏறட்டும், நிழல் கறுப்பாக விழட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஒன்பதே காலுக்கு என்னை உடைக்குள் இறக்கினார்கள். அண்ணாச்சி பின்னால் நின்று கழுத்தைத் தைத்து, தையல் மேல் மெழுகைத் தேய்த்தார். வெளிச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று.

முப்பது கஜம் நடந்து என் இடத்துக்குப் போய் நின்றேன். விச்சு லென்ஸைச் சரிபார்த்தான், மறுபடி சரிபார்த்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவன் கை காட்டியபோது எனக்கு ஏற்கெனவே நெஞ்சு அடைத்தது. வெயில்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். இரண்டடி வைத்தேன், விழுந்தேன், கதையிலும் விழ வேண்டியதுதான். எழுந்திருக்க முடியவில்லை. முகத்துக்கு முன்னாலிருந்த ஃபிலிம் முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. கையுறை உடையோடு தைத்தது, விரலால் எதையும் பிடித்துக் கிழிக்க வழியில்லை. கத்தினேன். குண்டானுக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? வைக்கோல் வீரனின் காலைப் பிடித்து உலுக்கினேன். அவனையே உதவிக்குக் கூப்பிட்டேன் என்றால் பாருங்கள். செத்துவிடுவேன் என்று நன்றாகவே தெரிந்தது. எனக்கு வயது இருபத்தி நாலு.

கேமரா பக்கத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். விச்சு கண்ணை எடுக்காமல், நன்னாப் பண்றான், நன்னாப் பண்றான் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். பின்னால் பீடியோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கேட்டாராம்:

"சாருக்குக் காத்து எங்ஙனக்குள்ள போவுது?"

"கழுத்துக்குக் கீழே பின்னால ஆறு ஓட்டை போட்டிருக்கேனே. வெள்ளிக்கிழமை நீங்க டீ குடிக்கப் போனப்போ நானே ஊசியால குத்தினேன்."

ஓட்டையில்லாமல் தைப்பதில் பெருமைப்படுகிற மனிதரிடம் ஓட்டை போடச் சொல்ல விச்சுவுக்குக் கூச்சம். சொல்லாமலே குத்திவிட்டான். அண்ணாச்சிக்கோ எதைத் தைத்தாலும் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். என் உடைக்கும் சனிக்கிழமை அப்படியே செய்திருக்கிறார். ஆறு இடத்தில் ஒழுகியிருக்கிறது. தன் ஊசிதான் தப்பியது என்று வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல், உள்பக்கமாகத் துண்டுத்தோல் வைத்து மெழுகு ஊற்றி அடைத்துவிட்டார்.

பீடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் பார்த்தது, வெள்ளையான ஃபிலிமுக்கு அந்தப்பக்கம் ஒரு நிழல். அப்புறம் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் தோல் பிளந்தது. தோல் சீவும் கத்தியால் கிழித்திருந்தார். காற்று உள்ளே வந்ததே, அதைப் போல ஒரு ருசி அதற்குப் பிறகு நான் எதிலும் பார்த்ததில்லை. கல்தூளில் படுத்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான் அடைச்சேன் சார், நாந்தான் அடைச்சேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் விச்சு விரலைப் பொத்தானிலிருந்து எடுக்க மறந்து சிலையாக நின்றான். ரீல் தானாக ஓடித் தீர்ந்தது.

அவ்வளவுதான், படம் போயிற்று என்று நினைத்தோம். ரீலைக் கழுவிப் போட்டுப் பார்த்தோம். படத்தில் நான் சாகவில்லை. கறுப்பு வானத்துக்குக் கீழே, லுங்கியை மடித்துக் கட்டின ஒரு மனிதர் கத்தியோடு சந்திரன்மேல் ஓடிவருகிறார், கிழிக்கிறார், மடியில் போட்டுக்கொள்கிறார். முடிவை வெட்ட வேண்டும் என்றான் விச்சு. அதைத் தொட்டால் உன்னோடு பேச மாட்டேன் என்றேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு, மாட்டுங்காவில் தெரிந்தவர்கள் வீட்டு மாடியறையில் வேஷ்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினோம். நாற்பது பேர். லுங்கி வந்ததும் நாலைந்து பேர் சிரித்தார்கள். மடியில் எடுத்துப் போட்டதும் அவர்களே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். விளக்கைப் போட்டபோது அண்ணாச்சி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு மூட்டை. எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டு அவிழ்த்துக் காட்டினார். அதே உடை. கிழிசல் தையல் தெரியாமல் மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே ஆறு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம்.

"இப்பம் போட்டுப் பாருங்க சார்" என்றார்.

வளையங்களை ஒரு தடவை எண்ணினேன். அப்புறம் போட்டேன். குண்டானையும் கவிழ்த்துக்கொண்டேன். நான் பத்து முறை மூச்சு இழுத்து விடும்வரை அவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாட்டுங்காவிலிருந்து குர்லா, அங்கே ஹார்பர் லைன் மாறிச் செம்பூர். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது, இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாஹுல் ரோட்டுக்கு ஆட்டோ கிடைக்கும். தண்ணீர் கட்டாயம். குவாரியைத் தேடாதீர்கள், அந்த இடத்தில் இப்போது ஏழு மாடிக் குடியிருப்பு. உடன் வருகிறவர்களிடம் எதையும் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், ஆளைக் கொன்றுவிடும். ரீல் எண்பதுகளின் மழை ஒன்றில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. உடை என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் அக்டோபரில் வெயிலில் காயப்போடும்போது, பின்பக்கம் திருப்பி, அந்த ஆறு வளையத்திலும் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.