மாமா அழித்த பொட்டு

உப்புத் தண்ணீரில் மிதக்கும் முட்டையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போன மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. பத்து வயதிலேயே இது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "எந்த கிளாஸ் படிக்கிற?" என்று அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நான் டம்ளரும் முட்டையுமாக வந்து நிற்பேன். "அட, எப்படிம்மா இது?" என்பார்கள். அப்புறம் பேச்சு களைகட்டிவிடும். முட்டை வீணாகிறதே என்பது அம்மாவின் கவலை.

ஆகவே மாமாவின் கல்யாணப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அம்மாவின் தம்பி அவர். பீன்யாவில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை, எங்களோடுதான் இருந்தார். என்னிடம் ஓயாமல் பேசுவார். புது மனிதர்கள் முன்னால் உட்கார வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏற்கனவே இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போய், கேசரியைத் தின்றுவிட்டுப் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்து திரும்பியிருந்தார். இரண்டாவது வீட்டார் தரகரிடம், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்றே கேட்டுவிட்டார்கள். மூன்றாவது இடம் காக்ஸ் டவுனில். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நல்ல காரியத்துக்கு முட்டை எடுத்துப் போகக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. அதனால் மஞ்சளுக்கு மாறினேன். மஞ்சள் தண்ணீரில் வெள்ளைக் காகிதத்தை நனைத்துக் காயவைத்தேன். ஆப்ப சோடா கரைத்த நீரைத் தொட்டு அதில் வைத்தால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு ஓடிப்போய் மறுபடி மஞ்சளாகிவிடும். மாமாவும் நானும் மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம்.

"சரியா வருமா பாப்பா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் மாமா. அவங்களே கேப்பாங்க."

காக்ஸ் டவுன் வீட்டில் பெண் காபி கொடுத்துவிட்டுத் தன் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் அப்பாவும் அவள் அப்பாவும் பெங்களூர் வெயிலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள். நான் மாமாவை முழங்கையால் இடித்தேன்.

மாமா காகிதத்தை எடுத்து டீப்பாயில் விரித்தார். சின்ன பாட்டிலில் இருந்த சோடாத் தண்ணீரில் விரலை நனைத்து, நடுவில் வட்டமாக வைத்தார். சிவந்தது.

"அட, பொட்டு மாதிரியே இருக்கு!" என்றார் பெரியம்மா. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மாமா, ஒத்திகை பிசகாமல், சட்டைப்பையிலிருந்த எலுமிச்சை மூடியை எடுத்துப் பிழிந்தார். பொட்டு அழிந்தது.

பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! பொண்ணு பாக்க வந்த எடத்துல பொட்ட அழிச்சுக் காட்டுறாரே!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்கு என்று விளங்கவில்லை; வித்தை கச்சிதமாகத்தானே வந்தது? மாமாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பெண்ணின் அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மாமா காகிதத்தை மடிக்கப் போனார்.

"இருங்க பெரியம்மா, அது எங்கயும் போவல" என்றாள் பெண். தன் அப்பாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை விரலில் எடுத்து, அழிந்த அதே இடத்தில் வைத்தாள். முன்னைவிட நன்றாகவே சிவந்தது. பிறகு நேராக மாமாவைப் பார்த்துக் கேட்டாள். "சோடாவும் சுண்ணாம்பும் ஒரே வேலதான செய்யும்?"

"ஆமாங்க" என்றார் மாமா. "சுண்ணாம்பு இன்னும் ஸ்ட்ராங்கு. எங்க பட்டறைல தொட்டித் தண்ணிய இப்படித்தான் பேப்பர் போட்டுப் பாப்போம்."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அமிலம், காரம், நிக்கல், குரோம், அந்த வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் ஏன் மங்கிப்போனது என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். தட்டில் பஜ்ஜி ஆறிப்போனது. பெரியம்மாவும் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் நான் பாடுபட்ட வித்தையை ஒரு விரல் சுண்ணாம்பில் தட்டிப் பறித்துக்கொண்டாளே! திரும்பும்போது ஆட்டோவில் அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு என் தீர்ப்பைச் சொன்னேன். "இந்த அக்கா வேணாம் மாமா. நடுவுல பூந்து கெடுத்துட்டாங்க."

அம்மா சிரித்தாள். மாமா வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கலந்து பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்லியனுப்புவதாகத்தானே பெண்ணின் அப்பா சொல்லியிருக்கிறார், அதற்குள் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எரிச்சலாக இருந்தது. அத்தனை பேர் பார்க்க அந்தப் பொட்டைத் தன் கையாலேயே வைத்து அவள் பதிலைச் சொல்லிவிட்டாள் என்பது, அந்த ஆட்டோவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.