குறுக்கே மூன்று கிலோமீட்டர்

பூதலூருக்கு அருகே ஒரு சிறிய தொலைபேசி நிலையத்தில் எழுத்தராக இருந்தபோது நான் நிரப்பிய விண்ணப்பம் ஒன்றின் நகல் இப்போது என் முன் இருக்கிறது. எங்கள் லைன்மேனைப் பற்றி அலுவலகத்தில் உலவிய கதைகள் பல. கம்பியைத் தொட்டே பழுதைச் சொல்லிவிடுவார் என்பது அவற்றுள் ஒன்று. அவற்றை விட்டுவிடுகிறேன். சரிபார்க்காமல் ஒரு தூரத்தை எழுதி ஒருவரின் பிழைப்பை ஆட்டம் காணச் செய்தவன் நான். ஆகவே இந்தத் தாளில் உள்ளதையும் நானே கண்டு கேட்டதையும் மட்டுமே சொல்வேன்.

விண்ணப்பித்தவர் வெண்ணாற்றின் அக்கரையில் வசித்த ஒரு பெண்மணி. மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அம்மாத முடிவுக்குள் அகலக்கற்றை இணைப்பு, ஊர் வழக்கில் பிராட்பேண்ட், வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மூன்று கிலோமீட்டர் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். குறுக்கே நடக்கும் வழியைத்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் தூரமாகச் சொல்வோம். நானும் அப்படியே வளர்ந்தவன்; எழுதிவிட்டேன்.

செம்புக் கம்பியில் குரல் நெடுந்தூரம் போகும். வேகமான தரவு அப்படியன்று. கம்பி நீள நீள அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே இறங்கினால் அதை அகலக்கற்றை என்ற பெயரில் வழங்கக் கூடாது என்பது விதி. அளந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டியவர் லைன்மேன். கரையோரமாகவே போய், பாலத்தில் ஏறி, மறுகரையில் திரும்பி வரும் கம்பியோடு அவர் நடந்துவிட்டு, மாலையில் என் மேசைமுன் நின்றார். தூரம் ஏறக்குறைய இருமடங்கு. வேகம் விதிக்குச் சற்றுக் கீழே. அந்தப் பெண்மணியும் அங்கே காத்திருந்தார்.

“ஆறு காஞ்சா நீங்க குறுக்க போயிருவீங்க சார். கம்பி பாலத்தச் சுத்தித்தான் வரும்” என்றார் லைன்மேன்.

“அப்ப நானும் பாலத்தச் சுத்தி வந்தே மனு குடுத்திருக்கணுமாண்ணே?” என்றார் அந்தப் பெண்மணி. சிரித்தபடிதான் கேட்டார், கை மட்டும் மேசை விளிம்பை விடவில்லை.

மூன்று என்றே இருக்கட்டும், தாளில் தூரம் குறைவாக இருந்தால் வேகத்தை மேலே யாரும் சோதிக்கப்போவதில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். என் பிழையை மறைக்கும் ஆசையும் அதில் இருந்தது. லைன்மேன் இசையவில்லை.

“பொய் எழுதுனா இணைப்பு வரும், வேகம் வராது. இவங்க வேலைக்கு வேகந்தானே சார் வேணும்?”

மறுநாள் மீண்டும் கம்பியோடு நடந்தார். மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்கு முன்பு போட்ட கிளைக் கம்பி, அங்கே தொலைபேசி இல்லாமற்போன பின்னும் வெட்டப்படாமல் இதே கம்பியோடு ஒட்டிக்கிடந்தது. தரவு அதற்குள்ளும் பாய்ந்து, முட்டித் திரும்பி, வீட்டுக்குப் போவதைக் கலக்கிக்கொண்டிருந்தது. பயிரில்லாத வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைப்பதுபோல் அதைத் துண்டித்தார். அளந்தபோது வேகம் விதியைச் சற்றே தாண்டியது. மூன்றை என் கையாலேயே அடித்து உண்மைத் தூரத்தை எழுதவைத்து, அதன் கீழ் கையொப்பமிட்டார். மாத முடிவுக்கு முன்பே அந்தப் பெண்மணிக்கு இணைப்பு கிடைத்தது, வேலையும் நிலைத்தது.

இன்று அக்கரை வீடுகளுக்குச் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை, அதாவது ஃபைபர், போகிறது. தூரத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்று எடுத்தது கோடை அளவு. ஆற்றில் தண்ணீர் வந்து, மழை பிடித்து, கம்பியின் இணைப்புகளில் ஈரம் இறங்கிய மாதங்களிலும் அந்த வேகம் நின்றதா என்பது எனக்குத் தெரியாது. ஒளியிழை வரும்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. குறை இல்லாததால் வரவில்லையா, சொன்னால் இணைப்பு போய்விடும் என்று அஞ்சி அவர் சொல்லவில்லையா, அதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை.