சார் கண் மூடி நின்ற நேரம்

பிளஸ் டூவுக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, மேலகரம் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறவன் நான். அதற்கு மேல் படிக்கவில்லை. பயிற்சி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தென்காசியில் ஏதாவது ஒரு ஹால், மரப்பெஞ்சு, பதினொரு மணிக்கு டீயும் வடையும், சாயந்திரம் கையெழுத்து. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த வருஷம் அந்தப் பயிற்சி போனுக்குள் வந்துவிட்டது.

காலையில் லிங்க் வரும். தொட்டால் ஒரு மேடம் பேசுவார். பேசி முடிந்ததும் சில கேள்விகள். விடைகள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முன்னாலேயே வந்துவிடும். பார்த்து அழுத்தினால் பச்சையாக ஒரு டிக் விழும். நான் மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்த பாதிப்பேர் அப்படித்தான் செய்தோம். நான் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, போனைப் பூசை அலமாரியில் சாய்த்து ஓடவிட்டு, பதிகம் சொல்லிக்கொண்டே விளக்குத் துடைப்பேன்.

என் மனைவி ஒருநாள் எட்டிப்பார்த்துச் சொன்னாள்: "முருகனுக்கு நல்லா கம்ப்யூட்டர் வந்திரும். ஒங்களுக்குத்தான் வராது."

"டிக் விழுந்துட்டுல்லா. பேசாம இருட்டி."

டிக் எல்லாம் விழுந்தது. கடைசியில் ஒரு வேலை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பாடத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், முடிந்தால் ஒரு குழந்தையை உட்காரவைத்து எடுக்க வேண்டும் என்றார்கள்.

எங்கள் தெருவிலேயே என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அப்பா குற்றாலத்தில் மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அம்மா லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிறவள். அருவியையும் லாட்ஜையும் பூட்டிவிட்டதால் இரண்டு பேரும் வீட்டோடு இருந்தார்கள். கூப்பிட்டதும் பிள்ளைக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, பச்சைப் பாவாடை கட்டி அனுப்பினார்கள். என் போனில் படம் மங்கலாக விழும் என்று மனைவியின் போனை வாங்கி, முறுக்கு போட்டுவைக்கிற தகரச் சம்படத்தின்மேல் சாய்த்துவைத்தேன். பிள்ளையும் நானும் பாயில் உட்கார்ந்தோம். தண்ணீர் எங்கே போகிறது என்பது பாடம்.

எடுத்து முடித்து, என் போனுக்கு அனுப்பி, வேண்டாததை வெட்டி ஏற்றினேன். பயிற்சியில் நான் உண்மையாகவே கற்றுக்கொண்டது அந்த வெட்டுகிற வேலை ஒன்றுதான். அதற்கும் டிக் விழுந்தது.

அடுத்த கார்த்திகை மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இங்கே பார்த்து, பிறகு பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது மூச்சில்லாத பிள்ளையை அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பள்ளி திறந்தபோது அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் என் வகுப்பைத் தாண்டி அடுத்த வகுப்புக்குப் போனார்கள். என் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ஆனாலும் கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஜன்னலோரம், பள்ளி மூடுவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே வேறு பிள்ளை இருக்கும். அது கையைக்கூடத் தூக்கியிருக்காது.

அருவியை மறுபடி திறந்த வருஷம், ஆனி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், அவள் அம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சார், ஒங்க போன்ல பிள்ள பேசுனாள்லா, அந்தச் சத்தம் இருக்கா?"

"இருக்கும்மா."

"போட்டோவில மொகம் இருக்கு சார். சத்தந்தான் மறந்து போவுது. நெனச்சுப் பாத்தா வேற யாரோ பிள்ள பேசுத மாதிரி கேக்கு."

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளைப் புதைத்துவிடுவார்கள். அவர்களுக்குத் திதி கிடையாது, அமாவாசைத் தர்ப்பணமும் கிடையாது. அவள் அதைத்தான் சொன்னாள். "ஆடி அமாவாசைக்கு ஊரே அருவிக்கரையில நின்னு அவங்கவங்க ஆளக் கூப்பிடுவாவ. அவ அப்பா அங்கனதான் எண்ணெயும் கையுமா நிப்பாரு. எங்களுக்குக் கூப்பிட வழி இல்ல. அவ சத்தத்தயாவது அன்னைக்குக் கேட்டுக்கிடுதோம் சார்."

தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீடியோவைப் போட்டேன். அப்போதுதான் அதை முழுதாகக் கேட்டேன்.

அவள் குரல் அதில் இல்லை. நான்தான் இருந்தேன். "அருவித் தண்ணி எங்க போவுது? சித்தாத்துக்கு. சொல்லு தாயி, சித்தாத்துக்கு." சிற்றாறு என்று சொல்ல அவள் வாய் திறக்கும், நான் சொல்லிவிடுவேன். சின்ன வகுப்பு எடுக்கிறவர்களுக்கு உள்ள பழக்கம் அது. பிள்ளை தடுமாறிவிடக் கூடாது என்று கூடவே சொல்லுவோம், முன்னாலேயே சொல்லுவோம். அவளுடைய உதடு அசைகிறது, என் சத்தம் வருகிறது. வரி முடிகிற இடத்தில் அவள் மூச்சு மட்டும் கொஞ்சம் கேட்டது.

மறுபடி மறுபடி போட்டேன். சாமி முன்னால் நின்று பதிகம் சொன்னாலும் "சொல்லு தாயி" என்று என் குரலே குறுக்கே வந்தது. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்.

"என் சத்தத்த மட்டும் எடுத்துட முடியாதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அதுக்குத்தான பயிற்சி முடிச்சிருக்கிய. பச்ச டிக்கு போட்டுத் தந்திருக்காவள்லா."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

முடித்ததாகக் காட்டிய பாடங்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை பூசை அலமாரியில் வைக்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். வீடியோ வெட்டுகிற ஆப் சத்தத்தை மலை மலையாகக் கோடு போட்டுக் காட்டும் என்பதும், பேசுகிற இடத்தில் மலை உயரும், பேசாத இடத்தில் தரையாகக் கிடக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் வீடியோவை அப்படித் திறந்து பார்த்தால் முழுக்க மலை. தரை என்று ஓர் இடம்கூட இல்லை. இரைச்சலைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினேன். வெளியில் கூவிய குயில் போனது. நான் போகவில்லை.

பள்ளி திறந்த பிறகும் சனிக்கிழமை காலைகளில் அந்த மேடத்திடம் சந்தேகம் கேட்க போனிலேயே ஒரு வகுப்பு உண்டு. நான் எப்போதும் மியூட்டில் கிடப்பவன். அன்றைக்கு அன்மியூட் செய்தேன். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது, இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை தோசை கேட்டு அழுதது.

"மேடம், ரெண்டு பேர் சேர்ந்து பேசினதுல ஒரு குரலை மட்டும் எடுத்திரலாமா?"

"எந்தக் குரலை எடுக்கணும் சார்?"

"என்னோடதை."

"உங்க வீடியோல உங்க குரலையேவா?" என்று யாரோ ஓர் ஆசிரியர் சிரித்தார். நான் காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு அந்த வகுப்பில் குக்கர் சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் மியூட் போட்டிருக்க வேண்டும்.

மேடம்தான் பேசினார். "ஒரே மைக்ல ஒண்ணுமேல ஒண்ணா விழுந்த குரலைப் பிரிச்சா, குழந்தையோட குரலும் கிழிஞ்சு வரும் சார். அதைக் குடுக்காதீங்க. நீங்க எடிட் பண்ணப்போ எதை வெட்டினீங்க?"

"வேண்டாததை."

"நாம எல்லாரும் முதல்ல வெட்டுறது நாம பேசாத இடத்தைத்தான். அது எங்கேயாவது இருக்கான்னு பாருங்க."

அப்போதுதான் மணி ஞாபகம் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் பிள்ளையார் கோயில். அந்த நாட்களில் நடை சாத்தியிருந்தாலும், பூசை செய்கிறவர் மட்டும் உள்ளே போய் உச்சிகாலத்துக்கு மணி அடிப்பார். மணி கேட்டால் இருக்கிற இடத்தில் எழுந்து கோயில் திசைக்குத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். சாப்பாட்டின் நடுவில் என்றாலும் எழுந்துவிடுவேன். அன்றைக்கும் பாடத்தின் நடுவில் எழுந்து நின்றேன், போனை நிறுத்தாமல். அந்தத் துண்டைத்தான் வீண் என்று வெட்டினேன். இடம் போதவில்லை என்று என் போனிலிருந்த முழு வீடியோவையும் அப்போதே அழித்துவிட்டேன்.

"ஒம் போன்ல எடுத்ததுதான. இருக்குமா?"

மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்தாள். "ஒண்ணையும் அழிக்காம வச்சிருக்கேன்னு எத்தன நாள் ஏசியிருக்கிய." காலை வணக்கப் படங்கள், கோலங்கள், தங்கச்சி வீட்டுக் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அவள் விரல் நின்றது. பச்சைப் பாவாடை.

மணி அடிக்கிறது. நான் எழுகிறேன். படத்தின் ஓரத்தில் என் வேட்டி மட்டும் தெரிகிறது. அவள் என்னை அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்புகிறாள்.

"அத்த, சாரு நின்னுக்கிட்டே தூங்குதாரா?"

"சாமி கும்பிடுதாவட்டி. பேசாம இரு." இது என் மனைவியின் குரல்.

"எந்தச் சாமி? இங்கன ஒண்ணையும் காணும்."

"கோயில்ல இருக்கு."

"கோயிலப் பூட்டியிருக்குல்லா?"

மனைவி சிரிப்பது கேட்கிறது. மணி ஓய்கிறது. நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் முழங்காலைச் சொறிந்துகொள்கிறாள், சம்படத்தை மோந்து பார்க்கிறாள். பிறகு போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, நான் கேட்டுவைத்திருந்த கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்கிறாள்.

"அருவித் தண்ணி எங்கயும் போவாது. அது அங்கனயேதான் விழுந்துகிட்டு இருக்கும். எங்கப்பாதான் போவாம வீட்ல இருக்காரு."

என் வேட்டி அசைகிறது. "ஆங், எங்க விட்டோம்? சொல்லு தாயி" என்று என் குரல் வந்து விழுகிறது.

மனைவி போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பயிற்சியில் சொன்னபடி அளந்து வெட்டினேன். மணிச்சத்தத்தில் ஆரம்பித்து, என் குரல் வருவதற்கு முன்னால் முடித்தேன்.

ஆடி அமாவாசை அன்று குற்றாலத்தில் நிற்க இடமில்லை. என் அம்மா அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈர வேட்டியோடு பிள்ளையைப் பெற்றவர்களைத் தேடிப்போனேன். பிள்ளையின் அப்பா யாரோ ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா எண்ணெய்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் வைத்து அழுத்தினாள். முடிந்ததும் எழுந்து, எண்ணெய்க் கையோடு நின்ற புருஷனின் காதில் வைத்துப் பிடித்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கை மட்டும் அந்த ஆளின் முதுகிலேயே இருந்தது.

"என்னண்ணே, தேயும்" என்றார் குனிந்திருந்தவர்.

"தேய்க்கேன் அண்ணாச்சி." தேய்த்தார். கொஞ்சம் கழித்து என்னைப் பார்க்காமலே சொன்னார்: "என்னையச் சொல்லுதா சார்."

அம்மா மட்டும் எதையோ தேடுகிற மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். "சார், இதுல ஒங்க சத்தத்தக் காணுமே."

"எடுத்துட்டேன்மா. நீ அவ சத்தந்தான கேட்ட."

"ஒங்க சத்தமும் கெடக்கட்டும் சார். நீங்க கேட்டாத்தான அவ பேசுவா. யாராவது கூப்பிடணும்லா."

அவ்வளவு பாடுபட்டுக் கழித்ததைத் திரும்பக் கொடுத்தேன். முன்னும் பின்னும் ஒன்றையும் வெட்டாமல், என் மனைவி போனிலிருந்தே அனுப்பினேன்.

இப்போது வகுப்பில் கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. சாயந்திரம் பிள்ளையார் கோயிலுக்கு அந்தப் பிள்ளையின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அருவிச் சீசன் இல்லாத நாட்களில் அவர்கள் சீக்கிரம் விளக்கேற்றிவிடுவார்கள். சில நாள் உள்ளேயிருந்து என் குரல் கேட்கும். அருவித் தண்ணி எங்க போவுது, சொல்லு தாயி, சொல்லு. நான் தெருவில் நிற்கிறேன், உள்ளே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடையைக் கட்ட முடிவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடுவேன், உள்ளே மணி அடித்து, நான் வாய் மூடி, அவள் பேசுகிற வரைக்கும்.