சித்தப்பாவின் கிடாரும் மூன்றாவது தூணும்

ஒன்பது வயதில் எனக்கு எலக்ட்ரிக் கிடாரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு. அதை மறுத்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆளும் இல்லை. வரதராசன்பேட்டைப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. மாதா கோயிலில் ஆர்மோனியம் உண்டு, தபேலா உண்டு, திருவிழா என்றால் பேண்டு வாத்தியம் வரும். ஆனால் எலக்ட்ரிக் கிடார் வைத்திருந்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். அவர் வாசிப்பார், நான் விளக்கம் சொல்வேன். அவருக்குப் பேச்சு வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவர் எனக்கே வாயைக் கொடுத்துவிட்டார் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் ஒப்பந்த வேலை. வாரம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசியில் கிடந்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலில் பாடகர் குழுவோடு கிடாரை மாட்டிக்கொண்டு நின்றால் ஆளே வேறு. அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

அந்தக் கிடாரில் ஒரு கோளாறு. வாசிக்காதபோது 'ம்ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். பீடத்துக்குப் பின்னறையில் ஒரு பெரிய ஸ்டெபிலைசர் பெட்டி இருந்தது. அதிலிருந்து வருகிற இரைச்சலைக் கிடார் பிடித்துக்கொள்கிறது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் கிடாரைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். எங்கள் கோயிலில் அந்தத் திசை, பெண்கள் பக்கம் இருக்கிற மூன்றாவது தூண். அதனால் சித்தப்பா பீடத்துக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டி, அந்தத் தூணைப் பார்த்துத்தான் நிற்பார். அந்தத் தூணில் சாய்ந்து எங்கள் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருப்பார். அதற்கு முந்தின வருடம்தான் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கு வேலைக்கு வந்தவர். வாய்ப்பாடு கேட்டே எங்கள் உயிரை வாங்குபவர். அது வேறு விஷயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில், கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த கிடாரை எலி பதம் பார்த்துவிட்டது. கம்பிகளுக்குக் கீழே மூன்று சின்னப் பட்டைகள் பதித்திருக்கும். காந்தத்தைச் சுற்றி முடி போல மெல்லிய செம்புக் கம்பி சுற்றியது. அந்தச் சுற்றைக் காயில் என்பார்கள், மொத்தத்தையும் பிக்கப் என்பார்கள். கிடாருக்குக் காது அதுதான். மூன்றில் இரண்டின் ஒயரை எலி கடித்துத் துப்பியிருந்தது. சித்தப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. நான் அவருக்கும் சேர்த்து எலியைத் திட்டினேன்.

சம்பளம் வந்ததும் இரண்டு பேரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் கடை. லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் வாத்தியக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கச்சேரிக்காரர்களின் ஆம்ப்ளிபயரும் கீபோர்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்து உட்காரவைத்தார். கண்ணாடிக்குள் இருந்த வெளிநாட்டுச் சாமானின் விலையை நாங்கள் கேட்கவே இல்லை. அது எங்களைக் கேட்டுவிடுமோ என்று பயந்து இந்தப் பக்கம் தள்ளி நின்றோம். பாய்க்கு ஆளைப் பார்த்தே புரிந்துவிட்டது. மலிவான இரண்டு பெட்டிகளை எடுத்துப் பிரித்தார்.

"தம்பி, ரெண்டும் ஒரே வெலதான். இதுல மூணும் ஒரே மாதிரி சுத்துனது. நல்லாத்தான் பேசும், ஆனா இரையும். இந்தப் பெட்டியில நடுவுல உள்ளத மட்டும் மாத்திச் சுத்திருக்கான். சுவிட்ச ரெண்டுக்கும் இடையில வச்சீங்கன்னா ரெண்டு காயிலும் சேந்து இரைச்சல அமுக்கிப் போட்ரும். கோயிலுக்குன்னு சொல்றீங்க, கண்ண மூடிக்கிட்டு இத எடுத்துக்குங்க."

சித்தப்பா இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், யோசித்தார், அப்படி யோசித்தார். நான் இன்னொரு பேரீச்சம்பழத்தையும் தின்று முடித்தேன். கடைசியில், "இரையறதே குடுங்க பாய்" என்றார்.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "யா அல்லாஹ்! துபாயில எத்தன வெள்ளக்காரனுக்கு யாவாரம் பண்ணிருக்கேன். இரையறதக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி."

ஏன் சித்தப்பா என்று பஸ்ஸில் துளைத்து எடுத்தேன். அதில்தான் சத்தம் கணீரென்று இருக்கும் என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னேன்.

புது பிக்கப் போட்டு இரண்டு ஞாயிறு போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் உபதேசியார், கோயில் காரியங்களைக் கவனித்துக்கொள்கிற பெரியவர், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தவர். பழைய சாமான், இரைகிறது, என்ன செய்வது என்று இருந்தார். புதுசு வாங்கிய பிறகும் முதுகா? பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்விட்டார். பாடகர் குழுவை நிற்கவைத்து விசாரணை. ஒயர்ப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

"ஃபாதர், நீங்க அப்பத்தத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற நேரத்துலகூட இவன் நற்கருணைக்கு முதுக காட்டிக்கிட்டு பொம்பளைங்க பக்கத்தப் பாத்து நிக்கிறான். இரையுது இரையுதுங்கறான். புதுசு எங்கயாச்சும் இரையுமா? பொய்யி! இவன் திரும்பி நிக்கணும், இல்லன்னா குழுவுல இருக்கக் கூடாது."

சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வாரத்தில் வேறு என்ன இருந்தது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குப் பதில் கத்தினேன். "எங்க சித்தப்பா பொய் சொல்ல மாட்டாரு! வேணும்னா போட்டுப் பாருங்க!"

சாமியார் நல்ல மனிதர். சரி, போடுங்கள் என்றார். ஆம்ப்ளிபயரைப் போட்டோம். சித்தப்பா பீடத்தைப் பார்த்து நின்றார். 'ம்ம்ம்ம்' என்று கோயிலே அதிர்ந்தது. மெதுவாகத் திரும்பச் சொன்னார்கள். இரைச்சல் குறைந்து, குறைந்து, மூன்றாவது தூணுக்கு நேராக வந்ததும் சுத்தமாக நின்றது. மேலே மணிக்கூண்டில் புறா முனகுவதுகூடக் கேட்டது. உபதேசியார் ஆம்ப்ளிபயரின் ஒயர் கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்கு அப்புறம் வீட்டில் உதை வாங்கினேன், அது தனிக்கதை.

அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பார். சாமியார் பரிதாபமாக, "புதுசும் இப்படி இரையுதே, இதுக்கு வழியே இல்லியா?" என்றார். தெரிந்த கேள்வி வந்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா?

"இருக்கு ஃபாதர்! இரையாத பெட்டியும் கடையில இருந்துச்சு. பாய் அதத்தான் எடுத்துக்கச் சொன்னாரு. ரெண்டும் ஒரே வெல!"

"ஒரே வெலையா?" என்று கேட்ட சாமியார் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். பிறகு குனிந்து அங்கியில் இல்லாத தூசியைத் தட்டினார். ஆர்மோனியக்காரர் இருமினார். சித்தப்பாவின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன். உபதேசியார் மட்டும் ஒன்றும் விளங்காமல், "அப்ப அத மாத்தி வாங்கிட்டு வரவேண்டியதுதான?" என்றார்.

அந்த வாரமே அப்பா பெரம்பலூர் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாய் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாராம், சிரித்தாராம். அரை மணி நேர வேலையைச் சித்தப்பா சனிக்கிழமைவரை இழுத்தார். ஈயம் உருகவில்லை என்றார், ஸ்குரூ சேரவில்லை என்றார். நான் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து முடுக்கினேன்.

ஞாயிறு வந்தது. சித்தப்பா பீடத்தைப் பார்த்து நின்றார். சுவிட்சை இடையில் வைத்தார். துளி இரைச்சல் இல்லை. உபதேசியார் தலையாட்டினார். ஆனால் பாட்டு ஆரம்பித்தால் சித்தப்பாவைக் காணோம். ஆள் நிற்கிறார், கை ஓடவில்லை. முதல் பாட்டில் தாளம் விட்டார். காணிக்கைப் பாட்டில் ஒரு சரணத்தையே விழுங்கினார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அன்று சாயங்காலம் அம்மாவிடம், "கிடார கோயிலுக்கே குடுத்துர்லாம்னு பாக்குறேன் அண்ணி. யாராச்சும் சின்னப் பசங்க கத்துக்கட்டும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்குச் சுரீர் என்றது. கணீர் பிக்கப்பை நான்தானே மாற்றவைத்தேன்? சத்தம் கெட்டதற்கு நான்தானே காரணம்? அன்று இரவு இயேசுவின் ஐந்து காயத்துக்கும் செபமாலை சொன்னேன். காலையில் ஒரு ஞானம் வந்தது. புதுச் செருப்பு மூன்று வாரம் கடிக்கும், அப்புறம் காலுக்குப் பழகிவிடும். பிக்கப்பும் அப்படித்தான் இருக்கும். சித்தப்பாவிடம் போய், புது பிக்கப் பழக மூன்று வாரம் ஆகும், அதுவரைக்கும் கிடாரைக் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? ஒரே ஒரு வாரம்தான் பாப்பா என்றார்.

மூன்றாவது ஞாயிறு. மறைக்கல்விப் பிள்ளைகள் நாங்கள் முன்வரிசையில், பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாதா சுரூபத்துக்குக் கீழே உட்காருவோம். அதில் மூலையிடம் என்னுடையது. நேர் மேலே ஃபேன். அந்த இடத்துக்காக நான் சண்டை போட்ட கதையைச் சொல்ல ஒரு நாள் போதாது. பூசை தொடங்கும் நேரத்தில் கணக்கு டீச்சர் தூணை விட்டு எழுந்து நேரே வந்தார். நீலச் சேலை, தலையில் முக்காடு.

"பாப்பா, அந்தப் பக்கம் நவுந்துக்க. நீங்கள்லாம் பூசையில பேசறீங்களாம். ஃபாதர் என்னய முன்னாடி ஒக்காந்து பாத்துக்கச் சொன்னாரு."

என் இடத்தில் உட்கார்ந்தார். என் ஃபேன் காற்று அவர் முக்காட்டை அசைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. நான் பேசவே இல்லையே டீச்சர் என்று முனகினேன். அதைக் கேட்க அவருக்குக் காது இல்லை. அப்போது பாட்டு ஆரம்பித்தது. கிடார் முதலில் ஒரு தடவை தடுமாறியது. அப்புறம் வாசித்தாரே பார்க்கலாம்! அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. உபதேசியாரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் போன துக்கத்தை அந்த நிமிடம் மறந்துபோனேன்.

வெளியே வந்ததும் குதித்தேன். "சொன்னேன்ல! மூணு வாரம்னு சொன்னேன்ல!" சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "ஆமா பாப்பா, கரெக்ட்டா மூணு வாரம்" என்றார்.

அடுத்த தை மாதம் அந்த டீச்சர் எனக்குச் சித்தியாக வந்தார். சாமியார் பேசி முடித்த சம்பந்தம் என்றார்கள். பெரியவர்கள் பேசி முடிப்பது ஊரில் நடப்பதுதானே என்று நானும் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். சித்தப்பா ஏன் இரைகிற பெட்டியைக் கேட்டார் என்பது எனக்குப் புரிய ப்ளஸ் டூ வரைக்கும் ஆயிற்று. புரிந்த அன்று எனக்கே வெட்கமாகப் போனது. ஆனாலும் மூன்று வாரக் கணக்கை மட்டும் நான் விடவில்லை. கிடார் வாங்குகிற எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும்போது, லேபில் காயில் சுற்றிக் காட்டிய மேடத்திடமும் சொன்னேன். அவர் சிரித்தார். காயிலில் பழகுவதற்கு என்ன இருக்கிறது, மாட்டிய நிமிடத்திலிருந்து அது ஒரே மாதிரிதான் என்றார்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் போன் போட்டேன். சித்திதான் எடுத்தார். அன்றைக்கு ஏன் சித்தி என் இடத்தில் வந்து உட்கார்ந்தீர்கள் என்று நேராகக் கேட்டேன்.

"ஃபாதர் ஒக்காரச் சொன்னாருன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"சும்மா சொல்லாதீங்க சித்தி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நான் அத்தனை ஞாயிறும் சித்தப்பா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்றே கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தூணில் சாய்ந்திருந்தவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஃபாதர்ட்ட போயி கேட்டதே நாந்தான்டி. நீ பண்ணி வச்ச வேலையில எனக்கு அவரு முதுகுதான் தெரிஞ்சுது. ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்தேன். அதுக்கு மேல முடியல."